நோய் ஒருவருக்கு, காப்புறுதி இன்னொருவருக்கு

வாமதேவனுக்கு லண்டனில் சொந்தமாக இருந்த ஒரே சொத்து அவருடைய பெயர். வீடு வாடகை. கார் மகளுடையது. தலைமயிர் ஹொலண்டிலேயே போய்விட்டது. பெயர் மட்டும் கையில் மிஞ்சியது. அதையும் சனம் அடிக்கடி இரவல் வாங்கிக்கொண்டு போனது.

இரவல் என்றால் மெய்யான இரவல். ஹொலண்டில் பத்து வருடம் கண்ணாடிக் கூடாரங்களுக்குள் தக்காளி பிடுங்கி, அந்த நாட்டுக் கடவுச்சீட்டை எடுத்து, மகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக லண்டனுக்கு வந்து மோர்டனில் இறங்கியவர் அவர். வங்கிக்காரர் கணினியில் தட்டிப் பார்த்தால் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இராது. அவருக்கு முன்பே வந்து அகதி வழக்கு முடியாமல் கிடந்தவர்களைப் பார்த்தால் அதே கணினி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆகவே பெயர் உள்ளவர் கடனை எடுப்பார், தேவை உள்ளவர் காசை எடுப்பார். மாதம் பிறந்ததும் தேவை உள்ளவர் தவணையைக் கொண்டுவந்து பெயர் உள்ளவரின் கையில் வைப்பார். ஒப்பந்தம் இல்லை, சாட்சி இல்லை. 'பேர் குடுக்கிறது' என்று மட்டும் சொல்வார்கள், ஏதோ பிள்ளைக்குப் பெயர் வைக்கிற மங்கல காரியம் போல. வங்கிக்குத் தெரிந்தால் அது வேறு பெயர் வைக்கும்.

2004இல் அப்படி இரவல் வாங்கியவர் கல்யாணசுந்தரம். டூட்டிங்கில் ஒருவருடைய பலசரக்குக் கடையில் அரிசி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். முதலாளி கடையை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்ட அன்றே, அதைத் தானே வாங்கிவிடுவது என்று மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மோர்டனுக்கு வந்துவிட்டார். வாமதேவனைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆகவே 'அண்ணை'. இருவருக்கும் என்ன சொந்தம் என்று யாராவது கேட்டால் இரண்டு பேருமே யோசிப்பார்கள். சொந்தம் என்று ஒன்றும் கிடையாது. ஒரே வீட்டில் மேல்மாடியும் கீழ்மாடியுமாக ஒரு குளிர்காலம் இருந்தார்கள், அவ்வளவுதான். லண்டனில் அதற்குமேல் சொந்தம் தேவைப்படாது.

வங்கியில் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார்கள். வாமதேவன் கடன்காரர், கல்யாணசுந்தரம் 'கசின்'. எதிரே இருந்த இளம்பெண் கடன் எதற்கு என்று கேட்டாள்.

"குசினி திருத்த," என்றார் வாமதேவன்.

வாடகை வீட்டுச் சமையலறையை ஒருவர் சொந்தக் கடனில் ஏன் திருத்துகிறார் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. அந்த நாட்களில் வங்கிகளுக்குச் சந்தேகம் என்கிற குணமே கிடையாது. அவள் மிகவும் பண்பான பிள்ளை. கடனைச் சொல்லி முடித்ததும் முகத்தில் ஒரு கவலையை வரவழைத்துக்கொண்டு, "உங்களுக்கு நோய் வந்தால், வேலை போனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாள். அதற்குத்தான் பி.பி.ஐ. என்று ஒரு காப்புறுதி இருக்கிறதாம். தவணையை அதுவே கட்டுமாம். எல்லாரும் எடுக்கிறார்களாம். அதன் கட்டணம் முழுவதும் கடனோடு சேர்ந்துவிடும், அந்தக் கட்டணத்துக்கும் வட்டி ஓடும் என்பதை மட்டும் கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் சொல்வதுபோலக் காதோடு சொல்லி முடித்தாள்.

வாமதேவன் தயங்கினார். கல்யாணசுந்தரம் தயங்கவில்லை. அவர் ஒரு கையால் தன் நெஞ்சைத் தடவிக்கொண்டு மறு கையால் வாமதேவனின் முழங்காலில் தட்டினார்.

"போடு தேவன். நாளைக்கு எனக்கொண்டு நடந்தா நீயெல்லோ கட்டவேண்டி வரும்? நான் தாறன் அந்தக் காசை."

வாமதேவனுக்கு இது நியாயமாகப் பட்டது. நமக்கும் படும். இரண்டு பேரும் சேர்ந்து கல்யாணசுந்தரத்தின் நெஞ்சுக்கு வாமதேவனின் பெயரில் காப்புறுதி எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வெளியே வந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கல்யாணசுந்தரம் என்று ஒருவர் உலகத்தில் இருக்கிறார் என்பது காப்புறுதிக் கம்பனிக்கு மட்டும் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து அந்த நெஞ்சு தன் வேலையைக் காட்டியது. பைபாஸ். கடைக்குப் பூட்டு. கல்யாணசுந்தரத்தின் மனைவி அப்போது இன்னும் ஊரில் விசாவுக்குக் காத்திருந்தார். தவணை நாள் வந்தபோது வாமதேவன் பஸ் டிப்போவில் வேலை முடிந்து வந்து, கை கழுவி, நிமிர்ந்து உட்கார்ந்து, காப்புறுதிக் கம்பனிக்குப் போன் எடுத்தார். அவருக்கு டிப்போவில் பஸ் கழுவுகிற வேலை. லண்டன் மாநகரம் இருக்கைகளுக்கடியில் விட்டுப்போகும் கோழி எலும்புகளோடு பழகியவருக்கு, போனில் ஆங்கிலம் பேசுவதுதான் அழுக்கான வேலையாகத் தெரிந்தது.

"வணக்கம். இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள்?" என்றது மறுமுனை.

"வெரி ஃபைன், தாங்க் யூ," என்றார் வாமதேவன்.

கோரிக்கை அந்த இடத்திலேயே பாதி செத்துவிட்டது. மீதியும் சாக அதிக நேரம் எடுக்கவில்லை. யாருக்கு நோய் என்று கேட்டார்கள். அண்ணைக்கு என்றார். கடன் அண்ணையின் பெயரிலா என்றார்கள். இல்லை, என் பெயரில் என்றார். அப்படியானால் உங்களுக்கு என்ன நோய் என்றார்கள். எனக்கு ஒரு நோயும் இல்லை, கடவுள் புண்ணியத்தில் நல்ல சுகம் என்றார். கேட்டு மிக்க மகிழ்ச்சி என்றார்கள். மகிழ்ச்சியோடு போனை வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு தவணையை வாமதேவனே கட்டினார். ஏழு மாதம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பஸ் கழுவினார். மனைவி சுசிலா காதுத் தோட்டை அடைவு வைத்தாள். வைத்த கையோடு, "உந்த மனிசனுக்குச் சொல்லிப்போடுங்கோ, நாங்கள்தான் கட்டுறம் எண்டு," என்றாள். கெட்டிக்காரி. ஆனால் வாமதேவன் ஒரு முறையில் வளர்ந்தவர். நெஞ்சைப் பிளந்து தைத்துக்கொண்டு கிடக்கிற மனிதனின் தலைமாட்டில் நின்று காசுக் கதை கதைப்பது அந்த முறையில் இல்லை. முந்திரிகைப்பழக் குலையும் தோடம்பழச்சாறும் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"லோன் என்ன மாதிரி தேவன்?" என்று கல்யாணசுந்தரமே கேட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அதெல்லாம் நடக்குது அண்ணை. நீங்கள் அதை யோசிக்காதேங்கோ."

"இன்சூரன்ஸ் பாக்குதோ?"

"நீங்கள் படுங்கோ அண்ணை."

கல்யாணசுந்தரம் நிம்மதியாகக் கண்ணை மூடினார். ஒரு பொய்யும் சொல்லாமல் ஒரு மனிதனை முழுப் பொய்யை நம்பவைக்க முடியும் என்பது வாமதேவனுக்கு அன்று தெரியாது. மரியாதை தெரிந்த எவருக்கும் தெரியாது.

கல்யாணசுந்தரம் எழும்பினார். கடை திறந்தது. மீதித் தவணைகளை ஒரு நாள் பிந்தாமல் கொண்டுவந்து கொடுத்துக் கடனை முடித்தார். முடித்த பிறகு, அதுவும் சுசிலா மூன்று மாதம் விடாமல் அரித்த பிறகு, வாமதேவன் மெல்ல அந்த ஏழு மாதக் கதையை எடுத்தார். எடுத்த இடம் பிழை. மோர்டனில் ஒரு மண்டபத்தில் யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் விழா, இருவரும் சாப்பாட்டு வரிசையில் நிற்கிறார்கள், கையில் தட்டு.

"ஏழு மாசமோ? அது இன்சூரன்ஸ் எல்லோ கட்டினது!" என்றார் கல்யாணசுந்தரம்.

"இல்லை அண்ணை, அவங்கள் தரேல்லை. நான்தான்..."

"என்ன விளையாட்டு விடுறாய் தேவன்? ஆஸ்பத்திரியிலை என்னட்டை என்ன சொன்னனீ? எல்லாம் நடக்குது எண்டு சொன்னனியோ இல்லையோ?"

"சொன்னனான். ஆனா..."

"அப்ப இன்சூரன்ஸிட்டையும் எடுத்து, இப்ப என்னட்டையும் எடுக்கப் பாக்கிறாய். இன்சூரன்ஸுக்குக் காசு குடுத்தவன் நான். மறந்திடாதை!"

வரிசையில் முன்னுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னுக்கு நின்றவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை, ஆகவே மறுநாள் அவர்கள்தான் விபரமாகச் சொன்னார்கள். ஒரு வாரத்துக்குள் டூட்டிங் முழுவதும் தெரிந்துவிட்டது: வாமதேவன் இரண்டு பக்கமும் சாப்பிட்டவன். அதற்குப் பிறகு ஒருவரும் அவரிடம் பெயர் கேட்டு வரவில்லை. அதில் சுசிலாவுக்கு ஒரு நிம்மதி. வாமதேவனுக்கு இல்லை. டூட்டிங் கடைத்தெருவில் அந்தக் கடைக்கு முன்னால் வந்ததும் அவர் வீதியைக் கடந்து எதிர்ப்பக்கத்தால் போனார். பதினொரு வருடம் அப்படிப் போனார்.

2019 கோடையில் ஊரெல்லாம் ஒரே பேச்சு, பி.பி.ஐ. அந்தக் காப்புறுதியை மக்கள் தலையில் பிழையாகக் கட்டியதற்காக வங்கிகள் காசைத் திருப்பிக் கொடுக்கின்றனவாம். ஓகஸ்ட் முடிவோடு கதவு பூட்டு. கலியாணவீட்டிலும் செத்தவீட்டிலும் இதே கதை. செத்தவர் கடன் எடுத்திருந்தாரா என்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே விசாரித்தார்கள். அப்படி விசாரித்தவர்களில் முக்கியமானவர் சண்முகராசா. அந்தக் காலத்தில் வீட்டுக் கடனுக்கு அலைந்து திரிந்து ஆள் பிடித்தவர். பிடித்த ஒவ்வொருவருக்கும் கடனோடு ஒரு காப்புறுதியும் கட்டி அனுப்பியவர். இப்போது அதே ஆட்களை வீடு வீடாகத் தேடிப்போய், உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று கண்கலங்கச் சொல்லி, காசை மீட்டுத் தருவதற்குப் பங்கு கேட்டார். இரண்டு முறையும் அவர் மனம் சுத்தம்.

"வாமதேவண்ணை, உங்கட பேரிலை எத்தினை லோன் எண்டு ஊருக்கே தெரியும்," என்றார் அவர், மோர்டன் ஸ்டேஷன் வாசலில் வைத்து. "சும்மா விடப் போறியளே?"

"எனக்குக் காசு வேண்டாம் தம்பி."

"காசு வேண்டாமெண்டு சொன்ன ஆளை இண்டைக்குத்தான் காணுறன். செக்கப் செய்து பாருங்கோ அண்ணை, மண்டையை."

ஆனால் சண்முகராசா போகிற போக்கில் சொன்ன ஒன்று வாமதேவனைப் பிடித்துக்கொண்டது. வங்கி பழைய கோப்பை எல்லாம் கிண்டி, எவ்வளவு கட்டினீர்கள், காப்புறுதியிடமிருந்து எவ்வளவு எடுத்தீர்கள் என்று கணக்குப் பார்த்துத்தான் திருப்பிக் கொடுக்குமாம். எவ்வளவு எடுத்தீர்கள்! வாமதேவன் ஸ்டேஷன் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு சதமும் எடுக்கவில்லை என்று வங்கியே எழுதித் தரும். வங்கியின் முத்திரையோடு. அதை ஒரு நாள், ஒரே ஒரு நாள், அண்ணையின் மேசையில் கொண்டுபோய் வைத்தால் போதும்.

மகள் துஷ்யா ஒரு மருந்துக்கடையில் வேலை செய்பவள். கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு தகப்பனைப் பக்கத்தில் இருத்தினாள்.

"அப்பா, அந்த அங்கிளுக்கு ஒண்டும் குடுக்காதேங்கோ. நாங்களே ஒன்லைனிலை செய்யலாம், ஃப்ரீ. ஓகே, கேள்வி ஒண்டு. ஏன் லோன் எடுத்தனீங்கள்?"

"அண்ணைக்குக் கடை வாங்க."

துஷ்யாவின் விரல்கள் நின்றன. "அப்பா! பாங்குக்கு என்ன சொன்னனீங்கள்?"

"குசினி எண்டு."

"அப்ப குசினிதான். உண்மையைச் சொன்னா இட்ஸ் லைக், ஃப்ராட். வாயைத் திறக்காதேங்கோ. அடுத்தது. இன்சூரன்ஸ் உங்களுக்கு வேணுமெண்டு கேட்டனீங்களோ?"

"கேட்டம். அண்ணைதான் போடச் சொன்னவர்."

"அப்பா, ப்ளீஸ். அந்த லேடி ஃபோர்ஸ் பண்ணினவவோ?"

"சீச்சீ. நல்ல பிள்ளையம்மா அது. தண்ணி வேணுமோ எண்டும் கேட்டது."

துஷ்யா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஏமாற்றப்பட்டவர் ஒருவரைத் தேடி வங்கி காசோடு காத்திருக்கிறது, ஏமாற்றப்பட்டவரோ ஏமாற்றியவளுக்கு நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கடைசியில், கட்டணத்துக்கும் வட்டி என்பது தெளிவாக விளங்கியதா என்று ஒரு கேள்வி வந்தது. விளங்கவில்லை என்றார் வாமதேவன். அது சத்தியம். அந்த ஒரு சத்தியத்தை வைத்து துஷ்யா விண்ணப்பத்தை அனுப்பினாள்.

சில வாரங்களில் வங்கியிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். விபரங்களைச் சரிபார்த்தாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு வாமதேவன் தன்னிடமிருந்த ஒரே கேள்வியைக் கேட்டார். காப்புறுதி எனக்கு எப்போதாவது காசு தந்திருக்கிறதா?

"நாங்கள் காப்புறுதி எப்படி விற்கப்பட்டது என்பதைத்தான் பார்க்கிறோம் ஐயா. கோரிக்கைகள் காப்புறுதிக் கம்பனியின் விடயம்."

காப்புறுதிக் கம்பனிக்குப் போன் எடுத்தார். அந்தக் கம்பனி இன்னொரு கம்பனிக்கு விற்கப்பட்டிருந்தது. வாங்கிய கம்பனியில் ஒரு பையன், அவ்வளவு பழைய பதிவுகளை வைத்திருப்பதில்லை என்றான். வைத்திராவிட்டால் நான் ஒன்றும் எடுக்கவில்லை என்றுதானே அர்த்தம் என்று கேட்டார் வாமதேவன். பதிவு இல்லை என்றால் பதிவு இல்லை என்றுதான் அர்த்தம் என்றான் பையன். அவனையும் குறை சொல்ல முடியாது. சம்பளத்துக்கு அவ்வளவுதான் தத்துவம் பேச முடியும்.

பிறகு காசு வந்தது. காசோடு விளக்கமும் வந்தது. கட்டிய கட்டணம், அதன் வட்டி, இவ்வளவு காலமும் காத்திருந்ததற்கு இன்னொரு வட்டி, அந்த வட்டிக்கு அரசாங்கம் பிடித்த வரி. பக்கத்துக்குப் பக்கம் வங்கி மன்னிப்புக் கேட்டிருந்தது. வாமதேவன் மன்னிப்புகளையெல்லாம் தாண்டித் தாண்டி தனக்கு வேண்டிய அந்த ஒரு வசனத்தைத் தேடினார். மகள்தான் கண்டுபிடித்து வாசித்தாள்: 'இந்தக் காப்புறுதியின் கீழ் ஏற்கனவே வழங்கப்பட்ட தொகைகள் ஏதும் இருப்பின் அவை இதில் கழிக்கப்பட்டுள்ளன.'

"அப்ப கழிச்சிருக்கினமோ?"

"இல்லையப்பா. 'இருப்பின்'. இருந்தா."

"இருந்ததோ இல்லையோ எண்டு ஏன் எழுதேல்லை?"

"எல்லாருக்கும் இதேதான் போடுறவை. ஸ்டாண்டர்ட்."

வாமதேவன் மறுபடியும் வங்கிக்குப் போன் எடுத்தார். இம்முறை ஆங்கிலத்துக்குப் பயப்படவில்லை. கெஞ்சுகிறவனுக்கு இலக்கணம் எதற்கு? நான் ஒன்றும் எடுக்கவில்லை என்று ஒரு வரி எழுதித் தாருங்கள், காசு வேண்டுமானால் திருப்பித் தருகிறேன் என்றார். மறுமுனைப் பெண் அவருடைய பெயரை இன்னொரு முறை எழுத்தெழுத்தாகக் கேட்டாள். காசைத் திருப்பித் தருவதாகச் சொன்ன ஒருவரை அவளும் அன்றைக்குத்தான் சந்தித்தாள்.

"ஐயா, நடந்ததை நாங்கள் உறுதிப்படுத்தலாம். நடக்காததை உறுதிப்படுத்த எங்களிடம் வழிமுறை இல்லை."

அன்று சமையலறையில் சுசிலா முடிவைச் சொல்லிவிட்டாள். "காசு வந்திட்டுது. அந்த ஏழு மாசக் காசும் வட்டியும் எண்டு நினைச்சு வைச்சிருங்கோ. கணக்குச் சரி. கடவுள் சுத்திச் சுத்தித் தந்திருக்கிறார்."

"அது அண்ணை கட்டின காசப்பா," என்றார் வாமதேவன். "இன்சூரன்ஸ் காசு அவர்தானே தந்தவர்."

"நீங்கள் கட்டினதை அவர் தந்தவரே? என்ட தோடு திரும்பி வந்ததே?"

"அவர் தராட்டி அது அவரின்ட பிழை. நான் வைச்சிருந்தா அது என்ட பிழை."

"உங்களுக்கு விசர்," என்றாள் சுசிலா. வெங்காயத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுகிறாளா என்று கண்டுபிடிக்கவும் வழிமுறை இல்லாமல் போனது.

வாமதேவனின் கணக்கு வேறு. கடிதம் வாய் திறக்கவில்லை, சரி. காசு பேசும். இரண்டு பக்கமும் சாப்பிட்டவன் யாராவது வந்த காசை அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பானா? கொடுத்தால் விளங்காதா? பதினொரு வருடத்துக்குப் பிறகு அவர் வீதியைக் கடக்காமல் நேராக நடந்து அந்தக் கடைக்குள் போனார்.

கடை பெருத்திருந்தது. பக்கத்துக் கடையையும் உடைத்துச் சேர்த்திருந்தார்கள். சுடச்சுட ரோல்ஸும் தேத்தண்ணியும் விற்கிற மூலையில் நாலைந்து பேர் நின்றார்கள். கல்யாணசுந்தரம் கல்லாவில் இருந்தார். தலை முழுக்க நரை, சேட்டின் மேல் பொத்தான் இடைவெளியில் பழைய தையலின் தழும்பு எட்டிப் பார்த்தது. அவர் வாமதேவனைக் கண்டு எழும்பவும் இல்லை, இருக்கவும் இல்லை, நடுவில் நின்றார்.

"என்ன?"

வாமதேவன் காசு உறையையும் கடிதத்தையும் கல்லாவின் மேல் வைத்தார். "அந்த இன்சூரன்ஸ் காசு அண்ணை. பாங்க் திருப்பித் தந்தது. உங்கட காசு."

கல்யாணசுந்தரம் கண்ணாடியைப் போட்டார். கடிதத்தைச் சத்தம் போடாமல், உதடு அசைய வாசித்தார். ரோல்ஸ் கடித்தவர்கள் கடிப்பதை நிறுத்தினார்கள். விரல் வரி வரியாக இறங்கி வந்தது. இறங்கி வந்து, வாமதேவன் எந்த இடத்தில் நிற்கக்கூடாது என்று வேண்டினாரோ அந்த இடத்தில் நின்றது.

"வழங்கப்பட்ட தொகை... கழிச்சிருக்கு."

"இருந்தா எண்டுதான் அண்ணை போட்டிருக்கு. அது ஸ்டாண்டர்ட். எல்லாருக்கும்..."

"பதினொரு வருசம் இந்தப் பக்கம் தலை காட்டேல்லை. இண்டைக்கு நீயா வாறாய். முழுக்காசையும் கொண்டு வாறாய். ஏன் தேவன்?"

"உங்கட காசு. அதுதான்."

"என்ட காசெண்டு இவ்வளவு நாளும் தெரியேல்லையோ?"

இதற்கு ஒரு பதில் இருந்தது. நீளமான பதில். ஆஸ்பத்திரி, முந்திரிகைப்பழம், ஞாயிற்றுக்கிழமை, தோடு, போனில் சொன்ன சுகம். எந்த நுனியில் தொடங்குவது என்று வாமதேவன் தேடிக்கொண்டிருந்தபோது கல்யாணசுந்தரத்தின் முகம் மாறியது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. கல்லாவைச் சுற்றி வெளியே வந்து, இரண்டு கைகளாலும் வாமதேவனின் தோள்களைப் பிடித்தார்.

"விடு. கதைக்காதை. மனிசனுக்குப் பிழை வாறதுதான். கொண்டுவந்து தர ஒரு மனம் வேணுமெல்லோ? அது உனக்கு இருந்திருக்கு. நான் மன்னிச்சிட்டன் தேவன். எல்லாத்தையும் மன்னிச்சிட்டன்."

"இல்லை அண்ணை, நான்..."

"கதைக்காதை எண்டு சொன்னனான். எனக்கு நெஞ்சு தாங்காது."

இதற்கு மேல் ஒருவர் என்ன செய்ய முடியும்? வாயைத் திறந்தால் எழுபது வயதை நெருங்குகிற ஒரு தைத்த நெஞ்சோடு சண்டை. மூடினால் ஒப்புதல் வாக்குமூலம். மூலையில் நின்ற ஒருவர், "அதுதான் மனிசத்தன்மை," என்றார். அவர் பாராட்டியது கல்யாணசுந்தரத்தை. இன்னொருவர் வாமதேவனைப் பார்த்துத் தலையாட்டினார், சிறையிலிருந்து நன்னடத்தைக்காக முன்கூட்டியே விடப்பட்டவரைப் பார்ப்பதுபோல.

கல்யாணசுந்தரம் தானே தேத்தண்ணி ஊற்றினார். சீனி கேட்காமலே இரண்டு கரண்டி போட்டார், மறக்கவில்லை. "குடி," என்றார். வாமதேவன் குடித்தார். நல்ல தேத்தண்ணி. பிறகு கல்யாணசுந்தரம் அவரின் கையைப் பிடித்துக்கொண்டு பழைய குளிர்காலத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார், குழாய் உறைந்து இருவரும் பனியை உருக்கி முகம் கழுவிய கதை. இருவரும் சிரித்தார்கள். உண்மையாகவே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தனக்கு இவ்வளவு தேவைப்பட்டிருந்தது என்று வாமதேவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதனால்தான் அவர் கடைசிவரைக்கும் வாய் திறக்கவில்லை.

வீட்டில் சுசிலா கதவைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"என்னவாம் அவர்?"

"மன்னிச்சிட்டாராம்."

"எதை?"

வாமதேவன் சப்பாத்து நாடாவை அவிழ்க்கக் குனிந்தார். நாடா என்றுமில்லாமல் சிக்கியிருந்தது.

ஒரு மாதம் போகவில்லை, கல்யாணசுந்தரம் மனைவியோடு வீடு தேடி வந்தார். பேத்தி பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியவீடு, மண்டபத்தில் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் கேட்டார். சுசிலா பல்லைக் கடித்துக்கொண்டு பலகாரம் வைத்தாள். போகும்போது அவர் வாசலில் நின்று, "பழசை நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன் தங்கச்சி, பயப்படாதை," என்றார். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மனப்பூர்வமாகச் சொன்னார்.

விழா நாள் காலை. சுசிலா சேலை கட்டி முடித்து, கட்டிலில் குந்தியிருந்தாள். மடியில் வெறும் அன்பளிப்பு உறை. மேலே இருவரின் பெயரையும் எழுதியிருந்தாள்.

"அங்கை எல்லாரும் எங்களைத்தான் பாக்கப் போகினம். கள்ளன் வந்திட்டான் எண்டு."

"சும்மா கள்ளன் இல்லையப்பா. மன்னிக்கப்பட்ட கள்ளன்," என்றார் வாமதேவன், ஒரு பகிடி விட்டுப் பார்ப்போம் என்று. அவள் சிரிக்கவில்லை. அவரும்தான்.

"எவ்வளவு வைக்கிறது?"

"வழமையா வைக்கிறதை வை."

"குறைய வைச்சா, அடிச்ச காசிலையும் கஞ்சத்தனம் எண்டுவினம்."

"அப்ப கொஞ்சம் கூட வை."

"கூட வைச்சா, இன்னும் குடுக்க இருக்குது போலை எண்டுவினம்."

வாமதேவன் யோசித்தார். கழுத்துப் பட்டியை இழுத்துத் தளர்த்திக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே துஷ்யா காரை ஸ்டார்ட் செய்துவிட்டு, "அப்பா! அம்மா! வீ ஆர் லேட்!" என்று கத்தினாள். இருவரும் அந்த உறையைப் பார்த்தபடியே இருந்தார்கள்.